ஏட்டில் ஏறாத காய்ச்சல்

“ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது” என்பது முதுமொழி. நூலறிவு மட்டும் வாழ்க்கைக்குப் போதாது என்பதை உணர்த்தவே நம் முன்னோர் அவ்வாறு கூறினர். ஆயினும், நோயின் விடயத்தில் ஏட்டை அவ்வளவு இலேசாக எண்ணிவிடுதல் கூடாது. தனியொருவனுடைய காய்ச்சலை வைத்தியர் நாடி பார்த்து அறிந்துகொள்வார். ஊருக்கு வந்திருக்கும் காய்ச்சலை ஏடுதான் காட்டித்தர வேண்டும். அந்த ஏட்டில் ஏறாத காய்ச்சல், ஊரில் இல்லாத காய்ச்சலாகவே கணிக்கப்படும்.

இவ்வுண்மை எனக்குத் தெளிவானது ஒரு மாரிகால மாலைப்பொழுதிலே. கல்முனைக் கரையோரத்து ஊரொன்றில் வாழும் முஸ்லிம் நண்பரொருவரின் சிறுமகளுக்கு மூன்று நாட்களாகக் காய்ச்சல். அவருக்குத் துணையாகத் தனியார் சிகிச்சை நிலையமொன்றுக்குச் சென்றிருந்தேன். வாங்கு நிறையக் காய்ச்சற்காரர். தாய்மாரின் மடிகளிற் சோர்ந்து கிடந்த குழந்தைகள். முன்மேசையில் கணினியொன்றுடன் அமர்ந்திருந்த இளைஞர் என்னிடம் முன்னொருகாற் கல்வி கற்றவர். என்னைக் கண்டதும் எழுந்து நின்று கதிரை தந்தார்.

“எல்லாம் இதுக்குள்ள இருக்கு, சேர். இண்டைக்கு எத்தனை பேர் வந்த, எவ்வளவு காசு, எந்த மருந்து முடியப் போகுது எண்டு ஒரு தட்டில காட்டும்” என்று பெருமையோடு கூறினார்.

“அப்படியானால், தம்பி, இந்தக் கிழமை காய்ச்சலோடு வந்தவர்கள் எத்தனை பேர்? எந்தெந்த ஒழுங்கையிலிருந்து வந்தார்கள்?” என்று கேட்டேன்.

அவர் தேடினார். திரையிலே தோன்றியது பூச்சியம். வாங்கிலோ ஒன்பது பேர் இருந்தனர். இளைஞரின் முகம் சற்று வாடியது. “டொக்டர் நோயைத் துண்டிலதான் எழுதுவார், சேர். அதை இதுல ஏத்துறதுக்கு எங்களுக்கு நேரமில்ல” என்றார். கட்டணம் எழுதும் கட்டங்களை நோக்கினேன். அவற்றுள் ஒன்றேனும் வெறுமையாயிருக்கவில்லை.

பூச்சியமும் வெறுமையும்

இன்று நம்மூர்ச் சிகிச்சை நிலையங்களிற் புகுந்துவரும் இம்மென்பொருள்கள் மூன்று பணிகளைச் செய்ய வல்லன. வருவோரைப் பதிதல் முதலாவது. பதிந்தவற்றை இடைவிடாது நோக்கியிருத்தல் இரண்டாவது. நோக்கியதைத் தொகுத்து அறிக்கையாக்கி, அறிய வேண்டியவர்க்கு அறிவித்தல் மூன்றாவது. முதற் பணியிற் குறை நேருமாயின் ஏனைய இரண்டும் பழுதாகிவிடும். பதியாததைப் பொறி எங்ஙனம் நோக்கும்?

இதில் மற்றுமோர் ஆபத்தும் உண்டு. பழைய கைப்பதிவேட்டிலே ஒரு பக்கம் வெறுமையாயிருந்தால், எழுதுவோர் எழுதவில்லை என்பது பார்த்த மாத்திரத்திலேயே புலப்படும். கணினியோ வெறுமையையும் எண்ணிப் பார்த்துப் பூச்சியம் என்று விடை கூறிவிடும். அழகிய நிறத்தில், பெரிய எழுத்தில் வரும் அப்பூச்சியத்தைக் காண்போர் நோயில்லை என்று நம்பி அமைதியடைகின்றனர். “நோயாளர் எவரும் வரவில்லை” என்பதும் “நாம் எழுதவில்லை” என்பதும் வெவ்வேறு செய்திகள்.

இவ்வேறுபாட்டை நம் நாட்டுச் சுகாதாரப் பகுதியினர் நன்கறிந்திருக்கின்றனர். இளம்பிள்ளை வாதத்தைக் கண்காணிக்கும் முறையை எடுத்துக்கொள்வோம். பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளையொன்றின் கைகால்கள் திடீரெனத் தளர்ந்து செயலிழந்தால் வைத்தியசாலை உடனே அறிவித்தல் வேண்டும். அத்தகைய பிள்ளை எதுவும் வராத வாரத்திலும் குறித்த வைத்தியசாலைகள் சும்மா இருப்பதற்கில்லை. “எவருமில்லை” என்று எழுதியனுப்புதல் வேண்டும். இலங்கையில் இளம்பிள்ளை வாதத்தின் கடைசி நோயாளர் காணப்பட்டது 1993ஆம் ஆண்டிலாகும். 2014ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே தென்கிழக்காசியப் பிராந்தியம் முழுவதும் அந்நோய் நீங்கியதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அச்சான்றின் பின்னணியிலே தடுப்பு மருந்தோடு, சோர்வின்றி எழுதப்பட்ட அப்பூச்சியங்களும் நின்றன.

ஒரு துண்டின் பயணம்

காய்ச்சலை அறிவிக்கும் கடமை நமக்குப் புதியதன்று. தொற்றுத் தடுப்பு, நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1897ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் இயற்றப்பட்டது. அறிவிக்கப்பட வேண்டிய நோயொன்றைக் காணும் வைத்தியர், அரசாங்க சேவையில் இருப்பினும் தனியார் நிலையம் நடத்தினும், அதனை அறிவிக்கக் கடமைப்பட்டவர். இதற்கென ‘எச் 544’ என்னும் படிவம் வழக்கில் உண்டு. இரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஐயம் தோன்றியவுடனேயே அறிவிக்க வேண்டும் என்பது விதி.

அத்துண்டு சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையை அடைகிறது. அங்குத் தொற்றுநோய்ப் பதிவேட்டில் ஏறுகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதனைக் கையிலெடுத்துக்கொண்டு நோயாளரின் வீட்டைத் தேடிச் செல்கிறார். கிணற்றடி, நீர்த்தாங்கி, கூரைப்பீலி, பூச்சட்டி, கொல்லையிற் கிடக்கும் சிரட்டை, பழைய டயர் யாவும் அவருடைய கண்ணிற் படுகின்றன. வார முடிவிலே எல்லாத் துண்டுகளும் ஒரே கணக்காகத் திரண்டு கொழும்பிலுள்ள தொற்றுநோயியற் பிரிவுக்குச் செல்கின்றன. அப்பிரிவு வாரந்தோறும் வெளியிடும் அறிக்கையிலே நாட்டின் எல்லாச் சுகாதாரப் பிராந்தியங்களும் வரிசையாக இடம்பெறும். அம்பாறை மாவட்டத்தின் கரையோரம் சுகாதார நிருவாகத்திலே கல்முனைப் பிராந்தியம் எனத் தனியே பிரிந்திருப்பதால், அம்பாறைக்கு ஒரு வரியும் கல்முனைக்கு வேறொரு வரியும் அவ்வட்டவணையில் உண்டு.

அவ்வட்டவணையின் ஓரத்திலே நோயின் பெயரில்லாத இரு நிரல்கள் இருக்கின்றன. அறிக்கைகளில் நூற்றுக்கு எத்தனை உரிய காலத்தில் வந்தன என்பதை ஒன்று கூறும். எத்தனை வந்து சேர்ந்தன என்பதை மற்றையது கூறும். கணக்கைக் காட்டுபவர் தம் கணக்கின் குறையையும் உடன் காட்டுகிறார்! சிகிச்சை நிலையத்துக்கு மென்பொருள் வாங்குவோர் விற்பவரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுவே: “நாங்கள் நிரப்பாத கட்டங்கள் எத்தனை என்பதை இது எங்களுக்குச் சொல்லுமா?”

பதினேழு பேர்

எழுதுவதிலும் தேடுவதிலும் சோர்வு புகுந்தால் நேர்வது யாது என்பதை மலேரியாவின் வரலாறு கூறும். 1963ஆம் ஆண்டிலே இலங்கை முழுவதிலும் கண்டறியப்பட்ட மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. நோய் ஒழிந்ததென நாடு மகிழ்ந்தது. மருந்து தெளித்தல் நிறுத்தப்பட்டது. காய்ச்சற்காரரின் இரத்தத்தைச் சோதித்துக் கிருமியைத் தேடும் வேலையும் நாளடைவில் தளர்ந்தது. ஆறு ஆண்டுகள் கழிந்து 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டிற்று. மழையின்மை, மக்களின் இடப்பெயர்வு போன்ற வேறு காரணங்களும் இருந்தன எனினும், தேடாமல் விட்ட காய்ச்சல்களுக்கு அதில் பெரும் பங்குண்டு.

பின்னர் நாடு பாடம் கற்றது. உள்நாட்டிலே தொற்றிய மலேரியாவின் கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரிற் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் சான்று கிடைத்தது.

நம் கரையோரத்துக்கும் ஓர் அனுபவம் உண்டு. 2004 டிசெம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்திலே பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. எஞ்சியோர் பள்ளிக்கூடங்களிலும் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் நெருங்கிக் கிடந்தனர். வாந்திபேதியும் நெருப்புக் காய்ச்சலும் பரவுமென எல்லோரும் அஞ்சினர். முகாம்களிலே நோய்க் கணக்கு எடுக்கப்பட்டது. குடிநீருக்குக் குளோரின் இடப்பட்டது. அஞ்சியவாறு பெருந்தொற்று எதுவும் எழவில்லை. கணக்கு எடுத்தவர்களின் பெயர்களை இன்று எவரும் நினைவுகூர்வதில்லை. வராத நோய்க்கு யார் நன்றி கூறுவர்?

ஒரு வாரத்தின் விலை

டெங்கு நோயில் நாளின் அருமை இன்னும் கூடுதலாகும். நுளம்பின் முட்டை நீரிற் பட்டுப் பறக்கும் நுளம்பாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் முதற் பத்து நாட்கள் போதும். ஆகவே, அறிவித்தல் ஒரு வாரம் பிந்தினால் புதிய தலைமுறையொன்று சிறகு விரித்துவிடும். இந்நுளம்பு நெடுந்தூரம் பறப்பதில்லை. பெரும்பாலும் சில வீடுகளுக்குள்ளேயே சுற்றித் திரியும். வீட்டு மதிலோடு மதில் முட்டி நிற்கும் கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற நெருக்கமான ஊர்களிலே அச்சில வீடுகளுக்குள் எத்தனை குடும்பங்கள்! எத்தனை பிள்ளைகள்! 2017ஆம் ஆண்டிலே நாடு முழுவதும் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராக அறிவிக்கப்பட்டனர். கிழக்கிலே கிண்ணியா பட்ட பாட்டை நாம் மறந்துவிடவில்லை.

இந்த இடத்திற்றான் கணினியின் அருமை விளங்குகிறது. கையாலெழுதிய துண்டு தபாலிற் செல்லும் நேரத்தில், கணினியிலேற்றிய செய்தி நொடியிற் சென்றுவிடும். டெங்கு நோயாளரின் விபரத்தை வைத்தியசாலையிலிருந்து உரிய சுகாதாரப் பணிமனைக்கு இணையத்தின் வழியே அனுப்பும் முறை இன்று நாட்டில் உண்டு. ஒஸ்லோ பல்கலைக்கழகத்தார் வளர்த்த ‘டிஎச்ஐஎஸ் 2’ என்னும் மென்பொருளைக் கொண்டு, 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலே விமான நிலையத்திற் பயணிகளைக் கண்காணிக்கும் முறையொன்றை நம் நாட்டு வல்லுநர் சில நாட்களிலேயே ஆக்கினர். கொவிட் காலத்தில் வேறு நாடுகளும் அதனைப் பின்பற்றின. நமக்குத் திறமைக் குறைவில்லை.

பெயரும் முகவரியும்

எனினும், நம்மூருக்கேயுரிய சில இடர்ப்பாடுகளை வல்லுநர் அறியமாட்டார்கள். நாமே அவற்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒழுங்கையிலே பாத்திமா என்னும் பெயருடையார் பலர் இருப்பர். அடுத்த தமிழ்க் கிராமத்திலே கந்தசாமிகள் பலர் இருப்பர். முகம்மது என்னும் பெயரை ஆங்கில எழுத்திலே நால்வர் நால்விதமாக எழுதுவர். விளைவு, ஒருவரே மூவராகக் கணக்கிலேறுவதும் மூவர் ஒருவராகக் குறைவதுமாகும். ஆதலாற் பெயரோடு பிறந்த திகதியும் அடையாள இலக்கமும் எழுதுதல் அவசியம். “பள்ளியடி” என்று மட்டும் முகவரி கூறினால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எந்தப் பள்ளியடிக்குப் போவார்? வீதியின் பெயரும் வீட்டிலக்கமும் தொலைபேசி இலக்கமும் கூறுவது நோயாளரின் பங்கு.

“என் வீட்டு நோய் ஊருக்குத் தெரியலாமா?” என்று தயங்குவோரும் உளர். அத்தயக்கம் நியாயமானதே. ஊரறிக்கைக்கு வேண்டியது தொகை மட்டுமே. வீட்டைத் தேடிவரும் உத்தியோகத்தருக்கு வேண்டியது முகவரி மட்டுமே. வேறெவருக்கும் அத்திரை திறக்கப்படலாகாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய செய்திகளைச் சிறப்பான காவலுக்குரியனவாக வகுத்துள்ளது. முன்மேசையிலிருப்போர் திரையைக் காண்பித்து ஊர்வம்பு பேசுவது பெருந்தவறாகும்.

காய்ச்சலோடு இவ்விடயம் முடிந்துவிடவில்லை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடையோர் மாதந்தோறும் கிளினிக்குக்கு வருகின்றனர். வந்தவர்களை எண்ணுவது எளிது. வரவேண்டிய நாளில் வராதவர் யார் என்று கூறும் பட்டியலே உயிர்காக்கும் பட்டியல். வயோதிபத் தாயொருத்தி இரண்டு மாதங்களாக மருந்தெடுக்க வரவில்லையெனின், பொறி அதனை ஒரு சொடுக்கிற் கூறிவிடும். தொலைபேசியை எடுத்து, “உம்மா, ஏன் வரல்ல? சுகமாயிருக்கிறீங்களா?” என்று கேட்பதற்கு மனிதரொருவர் வேண்டும். அவ்வாறு கேட்பாரில்லாத இடத்தில் எத்துணை நுட்பமான மென்பொருளும் ஏட்டுச் சுரைக்காயே.

நண்பரின் மகளை அன்றிரவே வைத்தியசாலையில் அனுமதித்தோம். டெங்குதான். ஐந்து நாட்களின் பின் இறைவன் அருளால் நலமாக வீடு திரும்பினாள். அவள் வீட்டைத் தேடிப் பரிசோதகர் வந்தார். வைத்தியசாலை எழுதியதனால் வந்தார். அயல் வீட்டு நீர்த்தாங்கியொன்றிலே புழுக்கள் நெளிந்தன. தாங்கி கழுவி மூடப்பட்டது. அந்த மாலையில் வாங்கிலே காத்திருந்த மற்றையோரின் ஒழுங்கைகளுக்கு எவரேனும் சென்றனரா என்பதை நானறியேன்.

சில வாரங்களின் பின் அந்த இளைஞரைச் சந்தையடியிற் கண்டேன். வைத்தியரோடு பேசி, துண்டில் எழுதும் நோயின் பெயரை உடனுக்குடன் கணினியில் ஏற்றி வருவதாகவும், காய்ச்சற்காரர் தொகையை நாள்தோறும் சுகாதாரப் பணிமனைக்கு அறிவிப்பதாகவும் சொன்னார்.

“நேத்து ஒருத்தரும் காய்ச்சலோட வரல்ல, சேர். பூச்சியம் எண்டு போட்டு அனுப்பின” என்றார்.

இம்முறை அப்பூச்சியத்தை நான் நம்பினேன்.