கலப்பு ஆட்சிகளில் தேர்தல் நிதி

கலப்பு ஆட்சிகளில் தேர்தல் நிதி என்பது, தேர்தல்கள் தவறாமல் நடந்தாலும் ஆளுங்கட்சியின் பிடி தளராத நாடுகளில் கட்சிகள் பணம் திரட்டிச் செலவிடும் முறையைக் குறிக்கும். இந்நாடுகளில் எதிர்க்கட்சிகள் உண்டு, வாக்குப்பதிவும் உண்டு, ஆனால் போட்டிக்களம் சமமாக இருப்பதில்லை. ஸ்டீவன் லெவிட்ஸ்கி, லூக்கன் வே ஆகிய அரசியல் அறிஞர்கள் 2002 இல் இதனைப் போட்டித்தன்மையுள்ள சர்வாதிகாரம் என அழைத்தனர். 2018 வரையிலான மலேசியா இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.

சட்டத்தின் இடைவெளி

மலேசியத் தேர்தல் குற்றச் சட்டப்படி, 2018 தேர்தலில் நாடாளுமன்ற வேட்பாளர் ஒருவர் 2 இலட்சம் ரிங்கிட்டும், சட்டமன்ற வேட்பாளர் 1 இலட்சம் ரிங்கிட்டும் வரை செலவிடலாம். ஆனால் கட்சியின் செலவுக்கு வரம்பு இல்லை. எனவே வேட்பாளரின் கணக்கில் வராத பெருந்தொகையைக் கட்சியே செலவிட முடிந்தது. அரசியல் நன்கொடைகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை.

கட்சியும் வணிகமும்

ம.இ.கா. உள்ளிட்ட கட்சிகள் இடம்பெற்ற பாரிசான் நேசனல் கூட்டணிக்கு அம்னோ தலைமை வகித்தது. அம்னோவுடன் தொடர்புடைய நிறுவனங்கள் செய்தித்தாள்களையும், 1984 இல் தொடங்கிய டிவி3 தொலைக்காட்சியையும் தம் வசம் வைத்திருந்தன. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை ஒப்பந்தமும் அத்தகைய நிறுவனம் ஒன்றுக்கே சென்றது. இதனை எதிர்த்து எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங் வழக்குத் தொடுத்தார். வழக்குத் தொடுக்கும் தகுதி அவருக்கு இல்லை என 1988 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1எம்டிபி விவகாரம்

2009 இல் உருவான 1எம்டிபி அரசு முதலீட்டு நிறுவனத்திலிருந்து 450 கோடி டாலருக்கு மேல் கையாடப்பட்டதாக அமெரிக்க நீதித்துறை கூறியது. பிரதமர் நஜீப் ரசாக்கின் சொந்த வங்கிக் கணக்குகளில் ஏறத்தாழ 70 கோடி டாலர் சேர்ந்ததாக 2015 ஜூலையில் செய்தி வெளியானது. அதே மாதம் சட்டத்துறைத் தலைவர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். அப்பணம் சவூதி அரச குடும்பத்தின் அன்பளிப்பு என்றும், குற்றம் ஏதும் இல்லை என்றும் புதிய சட்டத்துறைத் தலைவர் 2016 சனவரியில் அறிவித்தார்.

விளைவுகள்

2018 மே 9 தேர்தலில் பாரிசான் நேசனல் முதன்முறையாக ஆட்சியை இழந்தது. 1எம்டிபியின் முன்னாள் துணை நிறுவனமான எஸ்ஆர்சி தொடர்பான 4.2 கோடி ரிங்கிட் வழக்கில் 2020 இல் நஜீப்புக்கு 12 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கூட்டரசு நீதிமன்றம் உறுதிசெய்ததும், 2022 ஆகத்தில் சிறை சென்றார். தண்டனை 2024 இல் பாதியாகக் குறைக்கப்பட்டது.

பணம் களத்தைச் சாய்க்க முடிந்தாலும், வாக்குகள் நேர்மையாக எண்ணப்படும்வரை முடிவை அதனால் உறுதிசெய்ய முடியாது என்பதை 2018 தேர்தல் காட்டுகிறது. விசாரிக்கும் அதிகாரிகளை ஆட்சியாளரே மாற்ற முடிகிற நாட்டில், செலவு வரம்பு மட்டும் போதாது என்பதும் இதனால் புலனாகிறது.