இறந்தவர் குரலும் இசைத்தட்டின் மேலுறையும்

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிப்போர் எதிர்நோக்கும் இடர்ப்பாடுகளுள் இடைச்செருகல் முதன்மையானது. ஒரு செய்யுள் குறித்த புலவரின் வாக்குத்தானா, பின்வந்தோர் நுழைத்ததா என்று துணிவதற்குப் பிரதிகளை ஒப்புநோக்குதல், சொல்லாட்சியை ஆராய்தல் முதலிய வழிகள் உள. அவை யாவும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை: பிரதிகள் ஆராய்வோன் கைக்கு எட்டவேண்டும். ஒலிப்பதிவு என்னும் நவீன ஏட்டிலும் இன்று இதே பிரச்சினை தோன்றியுள்ளது. ஆயின், இங்கே மூலப்பதிவு உரிமையாளரின் பெட்டகத்துள் இருக்கிறது. கேட்போன் கையிலிருப்பது முடித்த பண்டமும் அதன் மேலுறையுமே. பாடகர் இறந்தபின் வெளிவரும் இசைத்தட்டில் ஒலிப்பது அவரது குரல்தானா என்ற வினா எழும்போது, இவ்வேற்றுமையின் முழுத் தாக்கமும் புலப்படும். மைக்கேல் ஜக்சனின் பெயரால் வெளிவந்த மூன்று பாடல்கள் பற்றிய தகராறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

ஜக்சன் 2009ஆம் ஆண்டு யூன் 25ஆந் திகதி காலமானார். அடுத்த ஆண்டு மார்ச்சில், அவரது சொத்துக்களை நிருவகிப்போர் சோனி நிறுவனத்துடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டனர். பத்து வெளியீடுகளுக்காக 25 கோடி டொலர் வரை பெறத்தக்க ஒப்பந்தம் என அது அக்காலத்திற் செய்தியாயிற்று. இறந்த ஒருவர் இனிப் புதிதாகப் பாடப்போவதில்லை. ஆயினும் புதிய பாடல்களை எதிர்பார்க்கும் சந்தை உருவாக்கப்பட்டுவிட்டது. முற்றுப்பெறாத பதிவுகளைத் தேடியெடுத்து முற்றுவிக்கும் தேவை இச்சூழலிலேயே எழுந்தது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

‘மைக்கேல்’ என்ற தொகுப்பு 2010 டிசெம்பரில் வெளிவந்தது. அதிலுள்ள ‘பிரேக்கிங் நியூஸ்’, ‘மொன்ஸ்ரர்’, ‘கீப் யுவர் ஹெட் அப்’ என்னும் மூன்றும், ஜக்சன் 2007இல் தம் குடும்ப நண்பர் ஒருவரின் நியூ ஜேர்சி இல்லத்திலே தங்கியிருந்த காலத்திற் பதிவானவை என்று கூறப்பட்டது. முதலாவது பாடலை நவெம்பரில் முன்னோட்டமாகக் கேட்பித்த உடனேயே ஐயம் கிளம்பியது. இரசிகர்கள் மட்டுமன்றிச் சகோதரியும் சகோதரனின் மக்களும் இக்குரல் அவருடையதன்று என்றனர். சொத்து நிருவாகத்தின் சட்டத்தரணி இதற்கு விரிவாக விடையளித்தார். ஜக்சனுடன் பணிபுரிந்த தயாரிப்பாளர்களும் ஒலிப்பதிவாளர்களும் துணைக்குரலின்றித் தனிக்குரலைக் கேட்டு உறுதிப்படுத்தினர் என்றும், குரலொப்புமை காணும் நிபுணர் இருவரும் அவ்வாறே கண்டனர் என்றும் அவர் கூறினார்.

இங்கே தொழில்நுட்பம் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். இக்காலப் பதிவில் முதன்மைக்குரல், துணைக்குரல், இடையிடையே எழும் சிறு ஒலிக்குறிப்புகள் ஆகியன வெவ்வேறு தடங்களிற் பதிவாகின்றன. ஒருவர் பாடியதன்மீது மற்றொருவர் பாடலாம். பழைய பாடலொன்றிலிருந்து ஒரு பெருமூச்சை வெட்டியெடுத்துப் புதியதில் ஒட்டலாம். சுருதி பிசகிய இடத்தைக் கணினி திருத்தும். திருத்தம் மிகின் குரலின் இயல்பே மாறும். தகராறில் ஈடுபட்ட இருதிறத்தாரும் இவ்வியல்பையே தத்தமக்குச் சான்றாக்கினர். குரல் வேறாக ஒலிப்பதற்குத் திருத்தமே காரணம் என்றார் தயாரிப்பாளர் ஒருவர். ஜக்சனுக்கே உரிய சில ஒலிகள் பழைய பதிவுகளிலிருந்து எடுத்தொட்டப்பட்டன என்றனர் மறுப்போர். செவிநுகர்வு கொண்டு தீர்ப்பளிப்பது இந்நிலையில் எத்துணை அரிது என்பது வெளிப்படை. இடைத்திருத்தம் எதுவுமற்ற மூலத்தடங்கள் பொதுவில் வைக்கப்பட்டிருப்பின் விவாதம் வேறு திசையிற் சென்றிருக்கும்.

2014 யூனில், கலிபோர்னியாவைச் சேர்ந்த இரசிகை ஒருவர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டங்களின்கீழ் வழக்குத் தொடர்ந்தார். அவர் அமர்த்திய ஒலியியல் நிபுணர், முதன்மைக்குரல் ஜக்சனுடையதாக இருத்தல் மிக அரிது என்ற முடிபுக்கு வந்திருந்தார். வழக்கு குரலைப் பற்றியதாயினும், நீதிமன்றங்களில் எட்டாண்டுகள் நிகழ்ந்த வாதம் குரலைப் பற்றியதன்று, மேலுறையைப் பற்றியது. ஜக்சன் பாடிய, முன்னர் வெளிவராத ஒன்பது குரற்பதிவுகள் இத்தொகுப்பில் உள்ளன என்ற பொருள்பட அட்டையில் அச்சிடப்பட்டிருந்தது. இக்கூற்று எத்தகையது? பண்டத்தின் விவரணமா, பொதுவிடயம் ஒன்றுபற்றிய கருத்தா?

பொதுவிவகாரங்களிற் குரலெழுப்புவோரை வழக்குகளால் அச்சுறுத்தி வாயடைப்பதைத் தடுப்பதற்கெனக் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் உண்டு. வலியோரிடமிருந்து மெலியோரைக் காக்கும் நோக்கில் இயற்றப்பட்டது அது. உலகின் மிகப் பெரிய இசை நிறுவனங்களுள் ஒன்று தனியொரு நுகர்வோருக்கு எதிராக அதனைக் கேடயமாக ஏந்தியது. 2018 ஓகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்றது. பாடியவர் யார் என்பது பொதுமக்கள் விவாதித்த விடயம். நிறுவனத்துக்கோ அதுபற்றி நேரடி அறிவில்லை. ஆகவே அட்டையிலுள்ளது வணிகக் கூற்றன்று, காப்புப் பெற்ற கருத்துரையே என்பது அதன் நியாயம். விற்கும்போது ‘இது அவர் குரல்’ என்று ஐயத்துக்கிடமின்றி அறிவித்தோர், வழக்காடும்போது ‘இது எங்கள் கருத்து’ என்றனர். அறியாமையே அவர்களுக்கு அரணாயிற்று.

அவ்வாண்டிலே, சோனி நிறுவனம் போலிக்குரலை ஒப்புக்கொண்டது என்ற செய்தியும் பரவியது. அது பிழை. அந்தக் கட்டத்து விவாதத்தின் பொருட்டு மட்டும் ஜக்சன் பாடவில்லை எனக் கொள்வதற்கே இருதரப்பாரும் இணங்கியிருந்தனர். எடுகோளை ஒப்புதலாகக் கொள்வது ஆராய்ச்சியாளரும் செய்யும் தவறுதான். இறுதியில், 2022 ஓகஸ்ட் 18இல் கலிபோர்னியாவின் உயர்நீதிமன்றம் முந்திய தீர்ப்பை மாற்றியது. தாம் விற்கும் பண்டத்தைப் பற்றி விற்போர் வாங்குவோருக்குக் கூறுவது வணிகக் கூற்றே. நேரடி அறிவின்மை அதன் தன்மையை மாற்றாது என அது விளக்கியது.

அதற்குச் சில வாரங்கள் முன்னரே மூன்று பாடல்களும் இணையவழி இசைச் சேவைகளிலிருந்து அகற்றப்பட்டுவிட்டன. நம்பகத்தன்மைக்கும் அகற்றலுக்கும் தொடர்பில்லை, விவாதத்தை முடிப்பதற்கு இதுவே எளிய வழி என்று நிறுவனத் தரப்புக் கூறியது. அதே ஓகஸ்டில் வழக்குச் சமரசமாயிற்று. ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் விற்பனையிலிருந்த அம்முதன்மைக்குரல் யாருடையது என்று எந்த நீதிமன்றமும் தீர்ப்புரைக்கவில்லை.

இதனோடு ‘நவ் அண்ட் தென்’ என்ற பாடலை ஒப்பிடுதல் பயன்தரும். 1970களின் பிற்பகுதியில் ஜோன் லெனன் தம் இல்லத்தில் ஒலிநாடாவிற் பாடிவைத்தது அது. பியானோ ஒலியுள் அமிழ்ந்திருந்த அவர் குரலைக் கணினி கொண்டு பிரித்தெடுத்து, பீற்றில்ஸ் குழுவின் பாடலாக 2023 நவெம்பரில் வெளியிட்டனர். செயற்கை நுண்ணறிவு என்ற சொல் அடிபட்டதும், குரலே செயற்கையாக ஆக்கப்பட்டதெனப் பலர் எண்ணினர். செயற்கையாக எதுவும் படைக்கப்படவில்லையெனப் போல் மக்காட்னி விளக்கவேண்டியதாயிற்று. பழைய ஒலிநாடாவின் வரலாறு ஏலவே அறியப்பட்டிருந்தமையால் அவ்வையம் நிலைக்கவில்லை.

தமிழ்த் திரையிசையும் இப்போது இவ்வினாவின் எல்லைக்குள் வந்துவிட்டது. 2024இல் வெளிவந்த ‘லால் சலாம்’ படத்தில், மறைந்த பாடகர்களான பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவினால் ஏ. ஆர். ரகுமான் மீளுருவாக்கினார், குடும்பத்தினரின் அனுமதி பெற்று ஊதியமும் வழங்கியதாக அறிவித்தார். இங்கே எவரும் ஏமாற்றப்படவில்லை. அதே ஆண்டில், எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரலை அனுமதியின்றி மீளுருவாக்கியதாகத் தெலுங்குப் படமொன்றின் தயாரிப்பாளர்களுக்கு அவரது குடும்பத்தினர் சட்ட அறிவித்தல் அனுப்பினர்.

குடும்பத்தின் அனுமதி என்பதை முடிந்த முடிபாகக் கொள்ளும் போக்கு இவ்விரு நிகழ்ச்சிகளிலும் தென்படுகிறது. நாகரிகம் கருதி அது வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஜக்சன் விடயத்தில், குரல் உண்மையானதென உறுதிகூறியோர் அவருடைய சொத்தை நிருவகித்தோர். அதனை மறுத்தோர் அவருடைய இரத்த உறவினர். இருதிறத்தாரும் அவர் பெயராலேயே பேசினர். மேலுறையிலோ ஒரு தரப்பின் கூற்று மாத்திரமே அச்சாகியிருந்தது.