பக்ரா அணையும் கோவிந்த சாகரமும்

தில்லி மாநகரின் மேற்குப் பகுதியிலுள்ள ஜனக்புரியில் மாலை வேளையில் வீடுதோறும் விளக்குகள் எரியத் தொடங்கும்போது, மின்சாரத்தின் தேவை சடுதியில் உயர்கிறது. அத்தேவையை நிறைவு செய்யும் வட இந்திய மின்தொடரில் அனல் நிலையங்களும் நீர்மின் நிலையங்களும் ஒருங்கே இணைந்துள்ளன. ஆகவே, ஒரு வீட்டில் எரியும் விளக்கிற்கு எந்நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது என்று பிரித்துக் கூற இயலாது. எனினும், சில நிமிடங்களுக்குள் இயக்கத்திற்குக் கொண்டுவரக் கூடியவை என்பதால், இத்தகைய வேளைகளில் நீர்மின் நிலையங்களின் உதவி மிகப் பெரிது. அவற்றுள் முதன்மையானவற்றில் ஒன்று ஸட்லெஜ் நதியின் மீதுள்ள பக்ரா நிலையமாகும். தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியொன்று ஜனக்புரியிலும் இயங்குகிறது. அத்தகைய பள்ளிகளின் ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்துச் செல்லத்தக்க இடங்களுள் பக்ராவும் நங்கலும் சிறந்தவை.

அணையின் அமைப்பு

பக்ரா அணை இமாசலப் பிரதேசத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஸட்லெஜ் நதி மலைகளை விட்டு வெளியேறும் குறுகிய பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. 1955-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் நாள் பிரதமர் ஜவஹர்லால் நேரு கான்கிரீட் இடும் பணியைத் தொடங்கி வைத்தார். 1963-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் அவரே அணையை நாட்டிற்கு அர்ப்பணித்தார். அடித்தளத்திலிருந்து இதன் உயரம் சுமார் 226 மீட்டர். அஃதாவது குதுப்மினாரைப் போல் மும்மடங்கு. உச்சியில் இதன் நீளம் 518 மீட்டர்.

இது தன் எடையாலேயே நீரைத் தாங்கி நிற்கும் வகையைச் சேர்ந்த அணையாகும். நீரின் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்ததேயன்றி, தேக்கத்தின் நீளத்தைப் பொறுத்ததன்று. நூறு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின் மீதும் ஏறத்தாழ 100 டன் அழுத்தம் உண்டாகிறது. இக்காரணம் பற்றியே அணையின் உச்சி 9 மீட்டர் அகலமே கொண்டிருக்க, அடிப்பகுதி பன்மடங்கு பருத்துள்ளது.

அணைக்குப் பின்னே தேங்கிய ஏரிக்குச் சீக்கிய குரு கோவிந்த சிங்கின் நினைவாகக் கோவிந்த சாகரம் என்று பெயர் சூட்டப்பட்டது. இதன் மூலக் கொள்ளளவு ஏறத்தாழ 934 கோடி கன மீட்டர். மேட்டூர் அணையின் 93.47 டி.எம்.சி. கொள்ளளவோடு ஒப்பிட்டால், இது அதைப் போல் மூன்றரை மடங்காகும்.

நீர்மட்டமும் மின்சாரமும்

அணையைக் காண்போர் கேட்கத்தக்க முதற் கேள்வி, அன்றைய நீர்மட்டம் எவ்வளவு என்பதே. கடல் மட்டத்திலிருந்து 1,680 அடி என்பது தற்போது நிரப்பப்படும் உச்ச மட்டம். 1,462 அடி என்பது பயன்பாட்டிற்குரிய கீழ்மட்டம். அணைக்குக் கீழேயுள்ள நங்கல் தேக்கத்தின் மட்டம் ஏறத்தாழ 1,154 அடி. ஆகவே, ஏரி நிரம்பியிருக்கும்போது நீர் சுமார் 160 மீட்டர் வீழ்கிறது. வற்றியிருக்கும்போது 94 மீட்டரே வீழ்கிறது.

ஒரு கன மீட்டர் நீர் 160 மீட்டர் வீழ்ந்து நீர்ச்சுழலியைச் சுழற்றினால், இழப்புகள் போக ஏறத்தாழ 0.39 யூனிட் மின்சாரம் கிடைக்கும். அதே நீர் 94 மீட்டர் வீழ்ந்தால் 0.23 யூனிட் மட்டுமே கிடைக்கும். நீரின் அளவு மாறாவிடினும் பயன் வெகுவாகக் குறைவதை இதனால் அறியலாம்.

இடது கரை மின்நிலையத்தில் 1960-61-இலும், வலது கரை மின்நிலையத்தில் 1966 முதல் 1968 வரையிலும் ஐந்து ஐந்தாக இயந்திரங்கள் இயங்கத் தொடங்கின. அவற்றின் தொடக்கத் திறன் முறையே 90, 120 மெகாவாட். பின்னர் அவை புதுப்பிக்கப்பட்டுத் திறன் உயர்த்தப்பட்டது.

மின்தேவைக்கேற்ப பக்ராவிலிருந்து வெளியேறும் நீர் மணிக்கு மணி மாறுபடும். பாசனக் கால்வாய்க்கோ சீரான ஓட்டம் வேண்டும். இம்மாறுபாட்டைச் சமன் செய்வது 13 கிலோமீட்டர் கீழேயுள்ள நங்கல் அணையின் பணியாகும். அங்கிருந்து 64 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் புறப்பட்டு, கங்குவால், கோட்லா ஆகிய இடங்களிலும் மின்சாரம் தந்து, பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் வயல்களை நாடிச் செல்கிறது.

எவ்வளவு நிரப்புவது?

மே மாத இறுதி முதல் செப்டம்பர் 20 வரை ஏரி நிரம்பும் காலம். முதலில் பனியுருகிய நீரும், பின்னர் பருவமழை நீரும் வந்து சேர்கின்றன. எஞ்சிய எட்டு மாதங்கள் இச்சேமிப்பைக் கொண்டே கழிய வேண்டும். எனவே உழவர்களும் மின்துறையினரும் ஏரி முற்றிலும் நிரம்ப வேண்டுமென்றே விரும்புவர். ஆனால் நிரம்பிய ஏரியில் வெள்ளத்தை ஏற்க இடமிராது. 1988-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில், ஏரி நிறைந்திருந்த வேளையில் பெருமழை பெய்தது. பஞ்சாபில் கடும் வெள்ளச் சேதம் நேர்ந்தது. அதன் பின்னரே உச்ச மட்டம் 1,680 அடியாகக் குறைக்கப்பட்டது. மேலே காலியாக விடப்படும் சில அடிகள் வீணான இடமல்ல. கீழ்நிலத்து மக்களின் பாதுகாப்பிற்கெனச் செலுத்தப்படும் விலையாகும்.

மற்றொரு குறைவு வண்டலால் நேர்கிறது. ஸட்லெஜ் திபெத்தில் தோன்றி, எளிதில் கரையும் மலைச்சரிவுகளினூடே வருகிறது. அது கொணர்ந்த வண்டல், ஏரியின் மூலக் கொள்ளளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை நிரப்பிவிட்டது. வண்டல் அணையின் அடியில் மட்டுமே படிவதாகக் கருதுவது பொருந்தாது. ஆற்றின் வேகம் தணியும் ஏரியின் மேல்முனையிலும் அது பெருமளவில் படிந்து, பயன்படும் கொள்ளளவையே குறைக்கிறது. சரிவுகளில் மரம் வளர்த்தலும், ஓடைகளில் தடுப்பணை கட்டுதலும் களப்பணியாளர்கள் மேற்கொள்ளத்தக்க தடுப்பு முறைகளாகும்.

நீருக்கடியில் ஓர் ஊர்

இவ்வேரி உருவானபோது 371 கிராமங்களும் பழைய பிலாஸ்பூர் நகரமும் பாதிக்கப்பட்டன. ஏறத்தாழ 36,000 மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்களுள் பலருக்கு இன்றைய ஹரியானாவின் ஹிஸார் முதலிய பகுதிகளில் நிலம் அளிக்கப்பட்டது. சிலரின் நில உரிமைக் கோரிக்கைகள் பல பத்தாண்டுகள் கடந்தும் முடிவுறாது நீடித்தன. நீர்மட்டம் தாழும் மாதங்களில் பழைய பிலாஸ்பூரின் கோயில்கள் சேற்றிலிருந்து வெளிப்படுகின்றன. மின்சாரக் கணக்கில் இடம்பெறாத இச்செலவையும் மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

காணச் செல்வோர்க்கு

தில்லியிலிருந்து நங்கல் வரை இரயில் வசதி உண்டு. நங்கலிலிருந்து பக்ராவிற்கு, அணை நிர்வாகம் 1948 முதல் கட்டணமின்றி ஒரு சிறு இரயிலை இயக்கி வருகிறது. பாதுகாப்பை முன்னிட்டு அணைப் பகுதியில் கட்டுப்பாடுகள் உள்ளமையால், பக்ரா பியாஸ் மேலாண்மை வாரியத்திடம் முன்னதாகவே அனுமதி குறித்து விசாரித்தல் நலம்.

சென்று திரும்பிய மாணவர்களுக்கு ஆசிரியர் ஒரு பயிற்சி தரலாம். ஓராண்டின் நீர்மட்டத்தை மாதந்தோறும் வரைபடத்தில் குறித்து, ஒவ்வொரு மாதமும் ஒரு கன மீட்டர் நீர் எவ்வளவு மின்சாரம் தந்திருக்கும் என்று கணக்கிடச் செய்யலாம். பின்னர், ஆகஸ்ட் இறுதியில் ஏரியை இன்னும் பத்தடி நிரப்பலாமா என்று வினவலாம். உழவர், மின்பொறியாளர், ஆற்றங்கரைக் கிராமத்தார் ஆகிய மூவரின் நிலையிலிருந்தும் அவர்கள் விடை கூறுதல் வேண்டும்.