மனச்சோர்வு மாத்திரை: எப்போது வேலை செய்யும், எப்போது நிறுத்தலாம்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறியதை ஸ்ரீவைகுண்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நின்றுவிட, ஏறத்தாழ 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். வீடுகளுக்குள் புகுந்த தண்ணீர் பாத்திரபண்டம், பத்திரம், பள்ளிப் புத்தகம் எல்லாவற்றையும் நனைத்தது, மாத்திரைகளையும் விட்டுவைக்கவில்லை. சர்க்கரை மாத்திரை தண்ணியோடு போய்விட்டது என்று நிவாரண முகாமில் கேட்க யாருக்கும் கூச்சமில்லை. மனச்சோர்வுக்குச் சாப்பிடும் மாத்திரை போய்விட்டது என்று எத்தனை பேருக்கு வாய் வந்திருக்கும்? ‘கோட்டிக்கு மருந்து சாப்பிடுறான்’ என்று ஊர் பேசுமோ என்ற பயம்தான் இந்த நோயில் மருந்தைவிடப் பெரிய பக்கவிளைவு.

மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் இரண்டு, மூன்று நாளில் உடம்பு காட்டிக்கொடுக்கும். தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் ஷாக் அடித்தது போன்ற உணர்வு என்று பலவாறாக வரும். பராக்ஸடின், வென்லாஃபாக்ஸின் போன்றவற்றில் இது கூடுதல். உடம்பில் நீண்ட நாள் தங்கும் ஃப்ளூவாக்ஸடினில் குறைவு. இதைப் பார்த்துத்தான் பலர் ‘மாத்திரைக்கு அடிமையாகிவிட்டேன்’ என்று மிரள்கிறார்கள். அடிமைத்தனம் என்றால் மேலும் மேலும் வேண்டும் என்ற வெறி வரவேண்டும், அளவு ஏறிக்கொண்டே போகவேண்டும். இங்கே அது கிடையாது. மருந்துக்குப் பழகிய மூளைக்கு அது இல்லாமல் இயங்கப் பழக அவகாசம் வேண்டும், அவ்வளவுதான். அதனால் மருத்துவர் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துவார்.

அடிமையாக்கக்கூடிய மாத்திரை வேறொரு வகை. அல்பிரசோலம், குளோனசிபாம் போன்றவை. படபடப்புக்கும் தூக்கத்துக்கும் சில வாரங்களுக்குச் சேர்த்து எழுதுவார்கள். போட்ட அன்றே சுகம் தெரியும். அதனால் நோயாளி என்ன செய்கிறார்? மெதுவாக வேலை செய்யும் நல்ல மாத்திரையை விட்டுவிட்டு, இதை மட்டும் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொண்டே இருக்கிறார். ‘நரம்பு மாத்திரை’ என்று ஒரே பெயரில் இரண்டையும் அழைப்பதால் வரும் வினை இது. சீட்டில் உள்ள ஒவ்வொரு மாத்திரையும் எதற்கு, எத்தனை நாளுக்கு என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம்கூட ஆகலாம். பக்கவிளைவுகளோ முதல் நாளிலேயே வந்து நிற்கும்: குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, ஒரு மாதிரியான பதற்றம். ஆக முதல் இரண்டு வாரம் நஷ்டக் கணக்கு மட்டுமே கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலும் சாப்பாட்டுக்குப் பின் போட்டாலே குமட்டல் குறையும். மற்றவையும் சில நாளில் அடங்கும். இந்தக் கட்டத்தில் கைவிடுபவர்கள், மருந்து வேலை செய்யத் தொடங்கும் முன்பே அது பலிக்கவில்லை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

இன்னொரு கூட்டம் மூன்றாவது மாதம் கைவிடுகிறது. தூக்கம் வந்துவிட்டது, பசிக்கிறது, வேலைக்குப் போகிறேன், இனி எதற்கு மாத்திரை? இது காசநோய் மாத்திரையை இருமல் நின்றதும் விடுவது போன்றது. மனச்சோர்வு மருந்துகளில் முதலாவதே காசநோய் வார்டில்தான் பிறந்தது. 1952-ல் நியூயார்க்கின் ஸீ வியூ மருத்துவமனையில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியாசிட் கொடுத்தபோது அவர்கள் எதிர்பாராத உற்சாகம் பெற்றதை மருத்துவர்கள் கவனித்தார்கள். முதல் தடவை மனச்சோர்வு வந்தவர்கள், முழுக்க நலமான பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் தொடர வேண்டும். திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு இரண்டு ஆண்டு, சிலருக்கு அதற்கும் மேல்.

இந்த மருந்து நிஜமாகவே பலன் தருகிறதா? நியாயமான கேள்வி. 2018-ல் லான்செட் இதழில் வந்த சிப்ரியானி குழுவின் ஆய்வு, 21 மருந்துகள் பற்றிய 522 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. 21 மருந்துகளுமே வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்தன; ஆனால் வித்தியாசம் பிரமாதமானதல்ல, மிதமானதே. மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் குறைவதுதான் நோய் என்ற எளிய விளக்கத்துக்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022-ல் மான்கிரீஃபின் ஆய்வுக் குழு எழுதியது. காரணம் முழுதாகப் புரியாததால் மருந்து வீண் என்றாகிவிடாது. லேசான மனச்சோர்வுக்கு மனநல ஆலோசனையே முதலில் போதும். தீவிரமானால் மாத்திரையும் ஆலோசனையும் சேர்ந்து போவதே நல்லது. முதல் மாத்திரை சரிப்படாவிட்டால் மாற்றிப் பார்க்க வேறு மாத்திரைகள் இருக்கின்றன.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. 25 வயதுக்கு உட்பட்டவர்களில் சிலருக்குத் தொடங்கிய முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004-ல் சிறார்கள் குறித்து விடுத்த எச்சரிக்கையை 2007-ல் 24 வயதுவரை நீட்டியது. பிள்ளை இருப்புக்கொள்ளாமல் அலைந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அடுத்த தேதிவரை காத்திராமல் அன்றே அழைத்துச் செல்லுங்கள். மாத்திரை அட்டைகள் பெரியவர் ஒருவர் கையில் இருக்கட்டும். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மொத்தமாக விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மாறாக, ஒருவர் திடீரென்று தூங்காமல், ஓயாமல் பேசி, கையிருப்பை வாரி இறைத்தால் அதுவும் அவசரம்தான். அது இருதுருவ நோயாக (பைபோலார்) இருக்கலாம்.

மருத்துவரிடம் எதையும் மறைக்கக் கூடாது. டிரமடால் வலி மாத்திரையோடு சேர்ந்தால் சிக்கல். ஆஸ்பிரின், டைக்குளோஃபினாக் போன்றவற்றோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். முதியவர்களுக்கு ரத்தத்தில் உப்பு குறைந்து குழப்பம் வரலாம். குடி இருந்தால் அதையும் சொல்லுங்கள். தாம்பத்திய ஆசை குறைவது பரவலான பக்கவிளைவு. வெட்கத்தால் பேசாமல் மாத்திரையை மட்டும் விடுபவர்கள் ஏராளம். கேட்டால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்கள். கர்ப்பம் தரித்தாலும் நீங்களாக நிறுத்தாமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஒருநாள் மாத்திரை போட மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள்.

நவ திருப்பதிகளில் ஒன்றான ஊர் ஸ்ரீவைகுண்டம். மனசு சரியில்லை என்றால் முதலில் கோயிலுக்குப் போவது இயல்பு. அதைத் தடுக்க வேண்டியதில்லை; ஆனால் வழிபாட்டோடு நின்றுவிடக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6-ல் தர்காவில் குணமாகும் என்று நம்பி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் தீயில் மாண்டார்கள். அதே ஏர்வாடி தர்காவில் இப்போது பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்தே கொடுக்கப்படுகின்றன. கும்பிடுங்கள், மாத்திரையையும் போடுங்கள்.

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி மனச்சோர்வுள்ள நூறு பேரில் சுமார் 85 பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை. நமக்கு வழி இருக்கிறது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரியிலும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. அரசு மருத்துவமனையில் மாத்திரைக்குக் காசில்லை. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் வரும் நாளை ஸ்ரீவைகுண்டம் அரசு மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள். உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017 மனநலச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு. மருந்துச் சீட்டைப் படம் எடுத்துச் செல்போனில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வெள்ளத்தில் அட்டை போனாலும் பெயரும் அளவும் கையில் இருக்கும். மாத்திரையை நிறுத்தத் தோன்றினால், நிறுத்தும் முன் 14416 என்ற இலவச எண்ணில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸை அழையுங்கள். எந்நேரமும் தமிழில் பேசலாம்.