மாநாட்டில் கற்று மன்றத்தில் பேசுவோம்: பேச்சுப் பயிற்சிக் கழகங்களின் வட்டார மாநாடு, ஒரு விளக்கம்

கேரளத்தில் ஒரு வார்டின் வாக்காளர்கள் அனைவரும் சேர்ந்ததே கிராம சபை. 1994ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டப்படி அது மூன்று மாதங்களுக்கு ஒரு முறையேனும் கூட வேண்டும். வாக்காளர்களுள் பத்தில் ஒரு பங்கினர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும். வீடு கட்டுவதற்கான உதவியை முதலில் பெற வேண்டியவர் யார், எந்தப் பாதையை முன்னதாகச் சீரமைப்பது, குடிநீர்க் குழாயை எதுவரை நீட்டுவது என்பன போன்ற வினாக்கள் அங்கேதான் எழுகின்றன. காட்டாக்கடை, பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய எல்லைப்புறப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் அந்தச் சபையில் எழுந்து பேசும் உரிமை உண்டு.

எனினும், உரிமை உள்ள அனைவரும் பேசிவிடுவதில்லை. வீட்டில் தமிழ், கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் மலையாளம், நேர்முகத் தேர்வில் ஆங்கிலம் என மூன்று மொழிகளில் நாளைக் கழிக்கும் ஒருவர், தம் தேவையை இரண்டு நிமிடங்களில் கோவையாக எடுத்துரைக்கத் தயங்குவதுண்டு. அவர் தயங்கி நிற்கும் வேளையில், பேசத் தெரிந்த வேறொருவரின் தேவை தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிடுகிறது. இந்த இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை. ஆனால் அதன் விளைவைக் குடும்பங்கள் பல ஆண்டுகள் சுமக்கின்றன.

இத்தயக்கத்தைப் போக்கிக்கொள்ள உதவும் அமைப்புகளுள் பேச்சுப் பயிற்சி, தலைமைப் பயிற்சிக் கழகங்கள் குறிப்பிடத்தக்கவை. அவற்றின் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் வட்டார மாநாடுகளில் ஒன்றுகூடுகின்றனர. அம்மாநாடு என்ன, அதற்கு எவ்வாறு ஆயத்தமாவது, அங்குக் கற்றதை ஊருக்கு எவ்வாறு கொண்டுவருவது என்பதை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

கழகங்கள் தோன்றிய வரலாறு

இத்துறையில் உலகெங்கும் அறியப்பட்ட அமைப்பு டோஸ்ட்மாஸ்டர்ஸ் இன்டர்நேஷனல். அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. நிறுவனத்தில் கல்விப் பணியாற்றிய ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர், அங்கு வரும் இளைஞர்களுக்குக் கூட்டம் நடத்தவும் கூட்டத்தில் பேசவும் பயிற்சி தேவைப்படுவதைக் கண்டார். கலிபோர்னியா மாநிலத்தின் சாண்டா ஆனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் நிலவறையில், 1924ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் அவர் கூட்டிய கூட்டமே இவ்வமைப்பின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது.

பேச்சைக் கற்பிக்க எழுந்த இவ்வமைப்பிலும் நெடுங்காலம் பெண்களுக்கு இடமில்லை. 1973ஆம் ஆண்டில்தான் அவர்கள் முறைப்படி உறுப்பினராக அனுமதிக்கப்பட்டனர். அதற்கு முன்பே, 1970இல், ஹெலன் பிளான்சார்ட் என்னும் பெண்மணி 'ஹோமர்' என்ற ஆண் பெயரில் பதிவு செய்துகொண்டு ஒரு கழகத்தில் சேர்ந்தார். அவரே 1985இல் அமைப்பின் முதல் பெண் உலகத் தலைவரானார். மேடை ஏறும் உரிமை எல்லாருக்கும் ஒரே நாளில் கிடைத்துவிடவில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நம் மண்ணின் சான்று

இதே உண்மையை நம் எல்லைப்புற மண்ணும் அறியும். காட்டாக்கடை வட்டத்தில், மாறநல்லூர் ஊராட்சியில் உள்ள ஊர் ஊரூட்டம்பலம். 1910களில் அங்குள்ள பள்ளியில் பஞ்சமி என்னும் ஒடுக்கப்பட்ட சமூகச் சிறுமியைச் சேர்க்க அய்யன்காளி அழைத்துச் சென்றபோது கடும் எதிர்ப்பு எழுந்தது, பள்ளிக்கூடமே தீக்கிரையாக்கப்பட்டது. தீயில் பாதி எரிந்த ஒரு பலகை இருக்கை இன்றும் அப்பள்ளியில் பாதுகாக்கப்படுகிறது. பள்ளி இப்போது அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

1863இல் வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளிக்குப் பள்ளிக் கல்வி கிட்டவில்லை. ஆயினும் அவர் திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டு, 1912ஆம் ஆண்டு முதல் அச்சபையில் தம் மக்களுக்காக நிலமும் கல்வியும் வேண்டிப் பேசினார். சபை கூடிய திருவனந்தபுரம் விக்டோரியா ஜூபிலி மண்டபத்துக்கு 2019இல் அவர் பெயரே சூட்டப்பட்டது. எழுத்தறிவு வாய்க்காத ஒருவர், தம் மக்களின் தேவையைத் தெளிவாகச் சொல்லி ஓர் அரசின் செவியை எட்டினார். பேச்சுப் பயிற்சியின் பயன் என்ன என்று வினவுவோர்க்கு நாம் காட்டக்கூடிய அருகிலுள்ள எடுத்துக்காட்டு இதுவே.

மாநாட்டில் நடப்பவை

டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பில் கழகங்கள் சில சேர்ந்து ஒரு 'ஏரியா'வாகவும், ஏரியாக்கள் சேர்ந்து 'டிவிஷ'னாகவும், டிவிஷன்கள் சேர்ந்து 'டிஸ்ட்ரிக்ட்'டாகவும் அமைகின்றன. இங்கு டிஸ்ட்ரிக்ட் என்பது வருவாய் மாவட்டம் அன்று; ஒரு மாநிலம் முழுவதையோ அதற்கும் மேற்பட்ட பரப்பையோ அது உள்ளடக்கலாம். அமைப்பின் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கி ஜூன் இறுதியில் முடிகிறது. ஆகவே டிஸ்ட்ரிக்ட் அளவிலான மாநாடு பெரும்பாலும் கோடைக்காலத்தில் நிகழ்கிறது.

மாநாட்டில் மூன்று வகை நிகழ்ச்சிகள் இடம்பெறும். முதலாவது பேச்சுப் போட்டி. ஆயத்த உரைப் போட்டிக்கு 5 முதல் 7 நிமிடங்கள் வரை அளிக்கப்படும். ஐந்தாம் நிமிடத்தில் பச்சை விளக்கும், ஆறாம் நிமிடத்தில் மஞ்சள் விளக்கும், ஏழாம் நிமிடத்தில் சிவப்பு விளக்கும் எரியும். நான்கரை நிமிடங்களுக்கு முன் முடித்தாலும் ஏழரை நிமிடங்களைக் கடந்தாலும் பேச்சாளர் தகுதி இழப்பார். உடனடிப் பேச்சுப் போட்டியில் தலைப்பு மேடையில்தான் அறிவிக்கப்படும். ஒன்று முதல் இரண்டு நிமிடங்களுக்குள் பேசி முடிக்க வேண்டும்.

இரண்டாவது, பயிலரங்கு. குரல் பயிற்சி, கதை சொல்லும் முறை, கூட்டம் நடத்தும் முறை, குழுவை வழிநடத்தும் முறை போன்ற பொருள்களில் அனுபவம் மிக்கவர்கள் வகுப்பெடுப்பர். மூன்றாவது, நிருவாகக் கூட்டம். கழகத் தலைவர்களும் கல்வித் துணைத் தலைவர்களும் வாக்களித்து, வரும் ஆண்டுக்கான பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பர். வரவு செலவு, தீர்மானம், திருத்தம், வாக்கெடுப்பு ஆகியன முறைப்படி நடைபெறுவதை நேரில் காண விரும்புவோர்க்கு இது நல்ல வாய்ப்பு. புதியவர்கள் இதனைத் தவறவிடுதல் கூடாது.

வெற்றிக்கு அளவுகோல்

மேடையில் குரல் உயர்த்திப் பேசுவோரே வெல்வர் என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. ஆயத்த உரைக்கென நெடுங்காலமாக வழங்கிவரும் மதிப்பெண் முறை வேறு செய்தியைச் சொல்கிறது. நூறு மதிப்பெண்ணில் பொருளுக்கு 50, வழங்கும் முறைக்கு 30, மொழிக்கு 20 எனப் பகுக்கப்படுகிறது. சொல்ல வேண்டிய செய்தி தெளிவாக இருந்தால் பாதி வழி கடந்தாயிற்று என்பதே இதன் பொருள்.

மொழியைக் குறித்தும் அச்சம் வேண்டியதில்லை. டிஸ்ட்ரிக்ட் நிலைவரை ஆங்கிலம் அல்லாத மொழிகளிலும் போட்டி நடத்த இடமுண்டு. அதற்கு மேலுள்ள உலகப் போட்டி மட்டும் ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. சிங்கப்பூரில் தமிழிலேயே கூடும் கழகங்கள் உள்ளன. 2014இல் கோலாலம்பூரில் நடைபெற்ற உலகப் போட்டியில் வென்றவர் நம் அண்டை நாடான இலங்கையைச் சேர்ந்த தனஞ்சய ஹெட்டியாராச்சி. உலக மேடைக்கான பாதை தொலைதூர நாடுகளில் மட்டும் தொடங்குவதில்லை.

செல்லும் முன் செய்ய வேண்டியவை

நிகழ்ச்சி நிரல் வந்ததும் அதனைப் படித்து, எந்த இரண்டு பயிலரங்குகள் தமக்கு உடனடியாகப் பயன்படும் என்பதை முடிவு செய்தல் நன்று. அனைத்திலும் அமர முயல்வோர் களைத்துப்போவர். 'கிராம சபையில் என் வார்டின் குடிநீர்ச் சிக்கலை இரண்டு நிமிடங்களில் சொல்ல வேண்டும்' என்பது போன்ற ஒரு நோக்கத்தை முன்கூட்டியே குறித்துக்கொண்டால், கேட்கும் ஒவ்வொரு செய்தியும் அந்நோக்கத்தோடு இணைந்துகொள்ளும்.

போட்டியில் கலந்துகொள்ளாதவர்களும் தன்னார்வப் பணி ஏற்கலாம். நேரக் காப்பாளருக்கு உதவுதல், பதிவு மேசையில் அமர்தல், விருந்தினரை வரவேற்றல் ஆகிய பணிகள் புதியவரின் கூச்சத்தை விரைவில் போக்குகின்றன. அரங்கின் மூலையில் தனியே அமர்ந்திருப்பவருக்கு ஒரு நாளில் கிட்டும் அறிமுகங்களைவிடப் பதிவு மேசையில் அமர்ந்தவருக்கு ஒரு மணி நேரத்தில் கிட்டுபவை மிகுதி.

செலவுத் திட்டம்

மாநாட்டுச் செலவு நான்கு இனங்களாக அமைகிறது: பதிவுக் கட்டணம், பயணம், தங்குமிடம், கைச்செலவு. முன்கூட்டியே பதிவு செய்வோர்க்குக் கட்டணம் குறைவாக இருப்பது வழக்கம். காட்டாக்கடையில் ரயில் நிலையம் இல்லை. ஆயினும் நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் திருவனந்தபுரம்–நாகர்கோவில் ரயில் பாதையில் அமைந்துள்ளன. தொலைதூர ரயில்களில் பயண நாளுக்கு 60 நாள் முன்னதாகவே இருக்கையைப் பதிவு செய்யலாம். ஒரே கழகத்தைச் சேர்ந்தவர்கள் அறையைப் பகிர்ந்துகொண்டால் தங்குமிடச் செலவும் குறையும்.

மாநாடு ஆண்டுக்கு ஒரு முறை வருவது. அதன் காலமும் முன்கூட்டியே தெரிந்ததே. எனவே உத்தேசச் செலவைப் பத்தாக வகுத்து, மாதந்தோறும் அத்தொகையைத் தொடர் வைப்பில் செலுத்தி வரலாம். எடுத்துக்காட்டாக, செலவு 8,000 ரூபாய் என மதிப்பிட்டால் மாதம் 800 ரூபாய் போதுமானது. கடன் வாங்கிச் செல்ல வேண்டிய நிலை வாராது. கழகச் சந்தா ஆறு மாதங்களுக்கு ஒரு முறை, ஏப்ரல், அக்டோபர் மாதத் தொடக்கங்களில் புதுப்பிக்கப்படுகிறது. அதனையும் இத்திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுதல் வேண்டும்.

பதிவுக் கட்டணத்தை கியூ.ஆர். குறியீட்டின் வழியே செலுத்துவோர், திரையில் தோன்றும் பெறுநரின் பெயரைச் சரிபார்த்த பின்னரே தொகையை அனுப்ப வேண்டும். பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி ஓ.டி.பி. அல்லது யு.பி.ஐ. ரகசிய எண்ணைக் கேட்பவர் எவராயினும் அவரிடம் தெரிவித்தலாகாது. ஏமாற்றப்பட்டதாக ஐயம் எழுந்தால், தாமதமின்றி 1930 என்னும் தேசிய உதவி எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவித்தல் வேண்டும்.

கேட்கும் கலை

மாநாட்டில் நாம் மிகவும் பரிந்துரைப்பது மதிப்பீட்டுப் போட்டியைக் காண்பதையே. ஒருவர் மாதிரி உரை நிகழ்த்துவார். போட்டியாளர்கள் அதனைக் கேட்டபின் வெளியே சென்று ஐந்து நிமிடங்களில் குறிப்பெடுத்துக்கொண்டு, ஒவ்வொருவராக வந்து அவ்வுரையின் நிறைகுறைகளை இரண்டு முதல் மூன்று நிமிடங்களில் எடுத்துரைப்பர். ஒரே பேச்சை ஐந்தாறு பேர் ஐந்தாறு கோணங்களில் கேட்டிருப்பதை அங்கே காணலாம். பேசியவர் மனம் நோகாமல் குறையைச் சொல்வது எப்படி, அக்குறையை நீக்கும் வழியையும் சேர்த்துச் சொல்வது எப்படி என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் நிகழ்ச்சி வேறில்லை.

பார்வையாளரும் ஒரு தாளை மூன்று பத்திகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பேச்சுக்கும் 'மனத்தில் நின்றது', 'நழுவியது', 'நான் பயன்படுத்தக்கூடியது' எனக் குறிக்கலாம். இரண்டு நாளின் முடிவில் கையில் இருக்கும் அத்தாள், மேடையில் எடுத்துக்கொண்ட நிழற்படத்தைவிட நெடுநாள் பயன்தரும்.

ஊருக்குத் திரும்பிய பின்

மாநாட்டின் உற்சாகம் ஓரிரு வாரங்களில் தணிந்துவிடுவது இயல்பு. அதற்குள் கற்றவற்றுள் ஒன்றையேனும் செயலாக்க வேண்டும். அதற்கு ஏற்ற களம் நம் ஊர்களிலேயே உள்ளது. 1998இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ இயக்கத்தின் அயல்கூட்டங்களில் பத்து முதல் இருபது குடும்பங்களைச் சேர்ந்த பெண்கள் தவறாமல் கூடுகின்றனர். சேமிப்பு, கடன், தொழில் ஆகியவை குறித்து அங்கே முடிவெடுக்கின்றனர். மாநாட்டில் கண்ட மூன்று வழக்கங்களை அங்கே அறிமுகப்படுத்தலாம்: ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிட நேரம், அதனைக் கவனிக்க ஒரு நேரக் காப்பாளர், கூட்டத்தின் இறுதியில் ஒரு சுருக்கமான மதிப்பீடு. எப்போதும் பேசுபவர் சுருக்கமாகப் பேசுவார். இதுவரை பேசாதவருக்கும் முறை வரும்.

கடன் விண்ணப்பம், மானியக் கோரிக்கை, புகார் ஆகியவற்றையும் இதே ஒழுங்கில் எடுத்துரைக்கலாம். வேண்டுவது என்ன, ஏன், எவ்வளவு, எப்போது என்னும் நான்கு வினாக்களுக்கு விடை கூறினால் எந்த மேசைக்கு முன்னும் செய்தி தெளிவாகிவிடும். எழுதித் தர விழைவோர்க்கு மொழி தடையாகாது. அரசமைப்புச் சட்டத்தின் 350ஆம் பிரிவு, குறைதீர்க்கும் விண்ணப்பத்தை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கலாம் என்கிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்த வழிவகை செய்துள்ளது.

மாநாட்டுக்குச் சென்றுவரும் வாடிக்கையாளர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. திரும்பிய பின் கூடும் முதல் கிராம சபைக்குச் செல்லுங்கள்; உங்கள் வார்டின் ஒரு தேவையை இரண்டு நிமிடங்களில் எடுத்துரையுங்கள்; அத்தேவை தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டுவிட்டதா என்பதைப் பார்த்தபின் வீடு திரும்புங்கள்.