மதுவத்தின் சுவரும் பிறபொருளெதிரியும்

நோய்க்கிருமி உடலைப் பற்றும் வழியை அறிந்தாலன்றி அதனைத் தடுக்கும் வழியை அறிதல் அரிது. கன்டிடா அல்பிகன்ஸ் என்னும் மதுவம் இதற்குத் தக்க சான்றாகும். நலமுள்ளோர் பலருடைய வாயிலும் குடலிலும் தீங்கின்றி உறையும் இம்மதுவம், நோயெதிர்க்கும் ஆற்றல் குன்றியவிடத்துப் பகையாக மாறுகின்றது. குழந்தைகளின் நாவில் வெண்படையாய்த் தோன்றும் அக்கரம் இதனால் விளைவது. இடையறாது ஈரத்திற் கைவைத்து உழைப்போரின் நகக்கண்களையும் விரலிடுக்குகளையும் இது புண்ணாக்கும். ஆதலின், ஹற்றன், நுவரெலியா மலைத்தோட்டங்களில் மழையில் நனைந்து கொழுந்து பறிப்போர்க்கு இது அயலார் செய்தியன்று. இரத்தத்திற் புகுமாயின் உயிருக்கே இறுதி விளைக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட நோய்ப் பங்கசுப் பட்டியலின் முதல் வரிசையிலுள்ள நான்கனுள் இதுவும் ஒன்று.

இம்மதுவம் முதலில் ஒட்டுகின்றது, பின்னரே ஊடுருவுகின்றது. பேராதனையிற் பல் மருத்துவம் பயின்ற லக்ஷ்மன் சமரநாயக்க, கிளாஸ்கோவிலும் ஹொங்கொங்கிலும் பணியாற்றி, வாயில் வாழும் கன்டிடாவைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். ஒட்டுதற்குக் கருவியாவன கலச்சுவரின் புறத்தேயுள்ள புரதங்கள். அவற்றுள் ‘அல்ஸ்’ என்னும் குடும்பத்துக்கு எட்டுப் பரம்பரையலகுகள் உள. அவை ஆக்கும் புரதங்கள் உடன்பிறந்தாரைப் போல ஒன்றையொன்று ஒத்தவை. எது, எப்பொழுது, கலத்தின் எப்பகுதியில் தோன்றுகின்றது என அறிவது எங்ஙனம்?

அதற்குத் துணையாவது பிறபொருளெதிரி. தூய்மையாக்கிய புரதத்தைச் சுண்டெலியின் உடலிற் செலுத்தினால், அதனைப் பற்றும் பிறபொருளெதிரிகள் அவ்வுடலில் உண்டாகும். அவற்றை ஆக்கும் கலத்தைப் புற்றுக்கலத்தோடு இணைத்து, ஒரே வகைப் பிறபொருளெதிரியை ஓயாது பெறும் முறையை 1975 இல் கோலரும் மில்ஸ்டைனும் கண்டனர். அதற்காக 1984 இல் நோபல் பரிசும் பெற்றனர். செடியெங்கும் இலையிருப்பினும் இரண்டிலையையும் குருத்தையுமே கிள்ளும் கைபோல, இது தனக்குரிய புரதத்தை மட்டுமே பற்றும். இதனோடு ஒளிரும் சாயமொன்றைப் பிணைத்து நுணுக்குக்காட்டியில் நோக்கினால், புரதம் உள்ள இடம் மட்டும் ஒளிரும்.

இலினோய் பல்கலைக்கழகத்து லொயிஸ் ஹோயரும் அவர்தம் குழுவினரும் இவ்வாறே அல்ஸ் 3 புரதத்தை ஆராய்ந்தனர். குருதித் தெளியத்தில் 37 பாகை வெப்பநிலையில் வைத்த மதுவம், இரண்டு மூன்று மணி நேரத்தில் முளைக்குழாய் விடும். அப்பொழுது முட்டைவடிவான தாய்க்கலம் இருண்டிருக்க, முளைத்த இழை மட்டும் ஒளிர்ந்தது. ஊடுருவும் இழையே இப்புரதத்தைத் தாங்குகின்றது என்பது இதனாற் பெறப்பட்டது. அப்பிறபொருளெதிரியே மதுவம் ஒட்டுதலையும் தடுத்தது என 2009 இல் அவர்கள் எடுத்துரைத்தனர்.

எனினும், ஒளியைக் கண்ட மாத்திரத்தே முடிவு கூறல் தகாது. பிறபொருளெதிரி உடன்பிறந்த வேறொரு புரதத்தைப் பற்றியிருத்தலும் கூடும். ஆகவே, குறித்த பரம்பரையலகு நீக்கப்பட்ட மதுவத்திலும் சோதித்து, ஆண்டு ஒளி தோன்றாமையைக் காணல் வேண்டும். இல்லாதவிடத்து இல்லையென்று காட்டும் கருவியே, உள்ளவிடத்து உண்டென்று கூறும்போது நம்பத்தக்கது. மருந்துக்கு இலக்கு தேடுவோர் இவ்வுறுதியின்றி முன்செல்வராயின், பகையை விடுத்து அதன் நிழலையே எய்தவராவர்.