கேலரி கேட்கும் கணக்கு

2025 செப்டம்பர் 14. பார்சிலோனா அணி வலென்சியாவுடன் மோதிய லீக் ஆட்டம் நடந்தது யோஹன் க்ரைஃப் அரங்கத்தில். கிளப்பின் பெண்கள் அணியும் இளைஞர் அணியும் ஆடும் இடம் அது. ஆறாயிரம் பேர்தான் உட்காரலாம். கிளப்புக்கோ உறுப்பினர்களே ஒரு லட்சத்துக்கும் மேல். சொந்த வீடான கேம்ப் நௌவில் புதுப்பிப்பு வேலை அப்போது முடிந்திருக்கவில்லை. அணி ஆறு கோல் போட்டு ஜெயித்தது. பெரும்பாலான உறுப்பினர்கள் அதை டிவியில்தான் பார்த்தார்கள்.

ஆறாயிரம் என்பது இந்த கிளப்புக்குப் புது எண் அல்ல. 1909-ல் இந்துஸ்திரியா தெருவில் அமைந்த முதல் சொந்த மைதானமும் ஏறக்குறைய அதே அளவுதான். இடம் கிடைக்காதவர்கள் சுற்றுச்சுவர் மேல் ஏறி உட்கார்ந்தார்கள். தெருவில் போகிறவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வரிசையாக அவர்களுடைய பின்புறம் மட்டும். அதை வைத்து வந்த கேலிப்பெயர்தான் 'குலே'. இன்று பார்சா ரசிகர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பெயர் அதுவே.

அதற்கு முந்தைய ஆண்டு, 1908-ல், கிளப்பில் மிஞ்சியிருந்தவர்கள் 38 பேர். கலைத்துவிடலாம் என்ற பேச்சு வந்தபோது நிறுவனர் ஜோன் காம்பர் தலைவர் பொறுப்பை ஏற்று அதைக் காப்பாற்றினார். 38 பேர் இருக்கும் சங்கத்தில் கணக்கு கேட்பது பெரிய காரியமில்லை, பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டால் போதும்.

இங்கே முதலாளி என்று ஒருவர் கிடையாது. 1990-ல் ஸ்பெயினில் வந்த விளையாட்டுச் சட்டம் தொழில்முறை கிளப்புகளைப் பங்கு நிறுவனங்களாக மாறச் சொன்னது. கணக்கு சரியாக இருந்ததால் விதிவிலக்கு பெற்றவை நான்கே: பார்சிலோனா, ரியல் மாட்ரிட், அத்லெட்டிக் பில்பாவ், ஒசசூனா. இந்த நான்கில் சந்தா கட்டுகிறவர்தான் உடைமையாளர். நிர்வாகக் குழு அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது.

பழைய கேம்ப் நௌவின் கதையைத் தெரிந்துகொண்டால்தான் புதியதன் கதை பிடிபடும். 1950-களில் அணியின் நட்சத்திரம் குபாலாவின் ஆட்டத்தைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு அப்போதைய மைதானமான லெஸ் கோர்ட்ஸ் போதவில்லை. 1954 மார்ச்சில் புது அரங்கத்துக்கு அடிக்கல் நாட்டினார் தலைவர் மிரோ-சான்ஸ். ஒப்பந்தத் தொகை, ஸ்பெயினின் பழைய நாணயமான பெசெட்டாவில், சுமார் 6.6 கோடி. 1957 செப்டம்பர் 24 அன்று திறக்கும்போது செலவு 28.8 கோடி. ஏறத்தாழ நாலரை மடங்கு! வீடு கட்டிப் பார்த்த எவருக்கும் இந்தக் கணக்கு புரியும். ஆனால் அங்கே மேஸ்திரியைப் பிடித்துக் கேட்கும் நிலையில் யாரும் இல்லை. பிராங்கோவின் சர்வாதிகாரக் காலம் அது.

கடனுக்கு வழி? பழைய மைதானத்தை விற்கலாம் என்றால், அந்த நிலத்தில் வீடு கட்ட அனுமதி இல்லை. விளையாட்டுக்கென்று ஒதுக்கிய நிலம். ஆண்டுகள் ஓடின, வட்டி ஏறியது. 1961-ல் லூயிஸ் சுவாரெஸை இத்தாலியின் இன்டர் மிலானுக்கு 2.5 கோடி பெசெட்டாவுக்குக் கொடுத்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து வாங்கியிருந்தார். 1960-க்குப் பிறகு அணி மறுபடி லீக் பட்டம் வென்றது 1974-ல். கடைசியில் 1965-ல் நிலப் பயன்பாட்டை மாற்றிக் கையெழுத்துப் போட்டவர் பிராங்கோவேதான். நிலம் 22.6 கோடிக்கு விலை போனது, கடன் இறங்கியது. கட்டலோனியப் பெருமையின் கோட்டை என்று பேசப்படும் அரங்கத்தைக் கடனிலிருந்து மீட்டது அந்தக் கையெழுத்து. கேலரிக்காரர்கள் இதை அவ்வளவாகப் பேசுவதில்லை, நியாயம்தான்.

சர்வாதிகாரம் போன பிறகு 1978-ல் உறுப்பினர்கள் வாக்களித்து நுனியெஸைத் தலைவராக்கினார்கள். அவர் 22 ஆண்டுகள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. 1998-ல் அவர்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தவர்களுக்கு முன்னால் நின்றவர் ஜோன் லபோர்த்தா என்ற இளம் வழக்கறிஞர். தீர்மானம் தோற்றது. 2003-ல் அவரே தலைவரானார். 2008-ல் அவர்மேலேயே தீர்மானம் வந்தது. வாக்களித்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் அவருக்கு எதிர். விதிப்படி மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பதால் தப்பினார். 2010-ல், பதவியிலிருந்து இறங்கியபின், அவர் காலத்து இழப்புக்கு அவர்மேல் வழக்குப் போடலாமா என்று உறுப்பினர்களின் பேராளர் கூட்டம் வாக்கெடுத்தது: ஆதரவு 468, எதிர்ப்பு 439. வழக்கு போட்டார்கள், நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2021-ல் மறுபடி தலைவர். கேள்வி கேட்டவரே கேட்கப்படுகிறவராகி, திரும்ப வந்து உட்காருவதைப் பார்க்க நம்மூர் அரசியல் போலவே இருக்கிறது.

ஒற்றை ஆள் கேட்ட கேள்விக்கும் பலம் இருந்தது. நெய்மாரை வாங்கியது 5.71 கோடி யூரோவுக்கு என்று நிர்வாகம் சொன்னதை நம்பாத ஓர் உறுப்பினர், 2013 இறுதியில் நீதிமன்றம் போனார். அடுத்த மாதமே தலைவர் ரொசெல் பதவி விலகினார். மறுநாள் கிளப் வெளியிட்ட மொத்தச் செலவு 8.62 கோடி. அடுத்து வந்த பார்த்தோமெயுவை இறக்கியது பல ஆயிரம் கையெழுத்து. 2020-ல், கொரோனாவுக்கு நடுவே, தேவைப்பட்டது 16,520. வந்து குவிந்தது இருபதாயிரத்துக்கும் மேல். வாக்கெடுப்புக்கு முன்பே அக்டோபர் 27 அன்று நிர்வாகக் குழு ஒட்டுமொத்தமாக விலகியது. அடுத்த ஆகஸ்டில் லபோர்த்தா சொன்ன கடன் தொகை 135 கோடி யூரோ. அதே மாதம் மெஸ்ஸி கிளம்பினார். சுவாரெஸ் போனது அரங்கக் கடனால்; மெஸ்ஸி போனது சம்பளச் சுமையாலும் லீக்கின் செலவு வரம்பாலும். காரணம் வேறு, கேலரியில் விழுந்த அடி ஒன்றுதான்.

ஆகவே கணக்கு கேட்கும் உரிமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. என் சந்தேகம் வேறு. ஆளைப் பற்றிக் கேட்டால் உறுப்பினர் விடுவதில்லை. கட்டடம் என்று வந்தால் சட்டென்று தலையாட்டிவிடுகிறார். 2014 ஏப்ரல் 5 அன்று கேம்ப் நௌ புதுப்பிப்புக்கு வாக்கெடுப்பு. பெத்திஸ் அணியுடன் அன்று ஆட்டமும் இருந்தது. 37,535 பேர் வாக்களித்தார்கள். 72 சதவீதம் 'ஆம்'. திட்டம் 60 கோடி யூரோ. ஏழு ஆண்டுகளில் அது 150 கோடி. 2021 டிசம்பர் வாக்கெடுப்பு இணைய வழியில். கலந்துகொண்டவர்கள் பாதிக்கும் குறைவு, அவர்களில் 'ஆம்' என்றவர்கள் சுமார் 88 சதவீதம். தொகை இரண்டரை மடங்கானபோது ஆதரவும் கூடியிருக்கிறது! தலைக்குமேல் தொங்கும் பழைய காங்கிரீட்டைப் பார்த்துப் பயந்து சிலர் அழுத்தியிருக்கலாம், வேறு வழியில்லை என்று சிலர்.

2022 ஜூனில் இன்னொரு வாக்கு. லீக் ஒளிபரப்பு வருமானத்தில் 25 சதவீதத்தை 25 ஆண்டுகளுக்கு விற்க அனுமதி கேட்டது நிர்வாகம். அதை முடிவு செய்தது உறுப்பினர் கூட்டம் முழுவதும் அல்ல. குலுக்கலில் தேர்வாகும் பேராளர்கள் நாலாயிரத்துக்கும் மேல் உண்டு. இணையக் கூட்டத்தில் அன்று ஆதரவாக விழுந்தது சுமார் ஐந்நூறு வாக்கு, அவ்வளவுதான். மண்டபத்தில் ஒருவர் எழுந்து கேட்டால் பின்வரிசையிலிருந்து விசில் வரும், தலைவரின் முகம் மாறும். திரையில் அது எதுவும் தெரியாது.

2023-ல் பழைய அரங்கத்தை இடிக்கத் தொடங்கினார்கள். அணி மோன்ட்ஜுயிக் குன்றின் ஒலிம்பிக் அரங்கத்துக்குப் போனது. சீசன் டிக்கெட்காரர்களில் பெரும்பாலோர் அந்த மேட்டுக்கு ஏறவில்லை. கிளப்பின் 125-ஆம் ஆண்டு நிறைவான 2024 நவம்பரில் வீடு திரும்புவதாகத்தான் சொல்லியிருந்தார்கள். திரும்பியது 2025 நவம்பர் 22 அன்று, அத்லெட்டிக் பில்பாவுடன். மேல் அடுக்கு கட்டி முடியவில்லை, கூரையும் இல்லை. 45,401 பேருக்குத்தான் அனுமதி இருந்தது.

வேலைக்காக 2023-ல் வாங்கிய கடன் 145 கோடி யூரோ. தவணைகளில் மிக நீண்டது 24 ஆண்டு. 2021 டிசம்பரில் 'ஆம்' என்று அழுத்திய அறுபது வயதுக்காரருக்கு, அது தீரும்போது எண்பத்தாறு ஆகியிருக்கும்.